வலை ஏற்றாத வள்ளம்

எங்கள் வள்ளத்துக்கு நான் நான்கு சட்டங்கள் வைத்திருந்தேன். சிவப்பு, செம்மஞ்சள் நிற உடுப்போடு ஏறக்கூடாது. நடுக்கடலில் எழும்பி நிற்கக்கூடாது. பொலித்தீன் பையைச் சரசரக்க வைக்கக்கூடாது. நான்காவது சட்டம் பறவை பார்க்க வருகிறவர்களுக்கல்ல, வள்ளத்துக்கே: அதில் ஒருநாளும் வலை ஏற்றக்கூடாது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். சட்டம் போடாமல் எனக்கு ஒரு காரியமும் செய்யத் தெரியாது. வீட்டிலும் இதே கதைதான் என்று என் கணவர் சொல்லுவார். அவர் சொல்வதை நான் பெரிதாக எடுப்பதில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். வட்டுக்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து அராலிக் கடற்கரைக்குச் சைக்கிளில் போய்விடலாம். மாரி தொடங்கினால் அங்கே பூநாரைகள் வந்து இறங்கும். பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லாத பரவைக்கடல் அது. கரையில் நின்று பார்த்தால், யாரோ இளஞ்சிவப்புச் சேலையைக் காயப்போட்டது போலத் தூரத்தில் ஒரு கீற்று மட்டும் தெரியும். வீதியோரம் வான் வண்டியை நிறுத்திவிட்டு வெளிநாட்டுக்காரர் நீளக் கமராக்களோடு நிற்பார்கள். அவர்களோடு கதைக்க ஒருவரும் இல்லை. எனக்கோ கதைக்காமல் இருக்க முடியாது. ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போய்க் கதைத்தேன். தொழில் அப்படித் தொடங்கியது.

வள்ளம் அந்தக் கரையிலேயே இருந்த ஒரு மீனவருடையது. அவரை நான் தம்பி என்பேன். அவர் என்னை ரீச்சர் என்பார், நான் அவருக்கு ஒரு எழுத்தும் படிப்பித்ததில்லை. இயந்திரம் போடாமல் நீண்ட கம்பை ஊன்றி ஊன்றித் தள்ளுவார், தண்ணீரில் சத்தமே வராது. பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்து இரை தேடும். ஆள் கிட்டப் போனால் முதலில் ஒரு கழுத்து நிமிரும், பிறகு இரண்டு, மூன்று. நாலாவது கழுத்து நிமிர்ந்தால் தம்பி கம்பை ஊன்றி வள்ளத்தை நிறுத்திவிடுவார். எல்லாத் தலையும் திரும்பக் கவிழும் வரை மூச்சு விடாமல் இருப்போம். பிறகு இன்னும் கொஞ்சம் போவோம். அந்தப் பொறுமை எனக்கு வகுப்பறையில் ஒருநாளும் வாய்த்ததில்லை.

நான்காவது சட்டம் பிறந்த கதையை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். தொடக்க காலத்தில் ஒருநாள் வள்ளத்தின் முன்பக்கத்தில் அவருடைய நண்டு வலை கிடந்தது. அன்று நாங்கள் பாதித் தூரம் போவதற்கு முன்பே பூநாரைக் கூட்டம் முழுவதும் கிளம்பிப் போய்விட்டது. அதற்குச் சற்று முன் எங்களோடு வந்த வயதான அம்மா ஒருவர் வெயிலுக்குக் குடையைப் படாரென்று விரித்திருந்தார். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து ஆசையோடு வந்தவரை நான் எப்படிக் குறை சொல்வது? என் கண் அந்த வலையில் விழுந்தது. இந்தக் கரையோரங்களில் சிலர் களவாக வலை கட்டித் தாராக்கள் பிடிப்பதுண்டு, வலையைக் கண்டால் பறவைக்குப் பயம் வராமல் இருக்குமா என்று ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கமே வைத்தேன். கரைக்கு வந்ததும் தம்பியிடம், "இனி இந்த வள்ளத்திலை வலை ஏறக்கூடாது" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "ஓம் ரீச்சர்" என்றார்.

அந்தக் கிழமையே தன் வலைகளை எல்லாம் மனைவியின் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். பறவை இல்லாத மாதங்களில் கூலி வேலைக்குப் போய்ச் சமாளித்தார். எங்கள் தொழிலும் மெல்லப் பிடித்துக்கொண்டது. பறவை பார்க்க வருகிறவர்களிடம் நான் அவரைக் கைகாட்டி, "இவர் மீனவர், ஆனால் பறவைகளுக்காக வலையைக் கைவிட்டவர்" என்று சொல்லுவேன். அவர்கள் உருகிப்போவார்கள். ஊருக்குப் போய் இணையத்திலும் எழுதுவார்கள். ஏழு மாரி இப்படி நல்லபடி போனது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பது எனக்கு நன்றாகப் பொருந்தும். நானே கட்டிய கதையை நானே முழுதாக நம்பினேன்.

கொரோனா வந்தபோது அந்த வருடப் பறவைக் காலம் முடிய இன்னும் சில கிழமை இருந்தது. கடைசியாக வந்த இருவரும் முகக்கவசத்தோடு வள்ளத்தில் இருந்தார்கள், பறவையைப் பார்த்ததை விடப் போனைப் பார்த்ததுதான் கூட. பாதியில் திரும்பச் சொல்லி விமான நிலையத்துக்கு ஓடினார்கள். அடுத்த சில நாட்களில் ஊரடங்கு வந்தது. வருவதாக இருந்த எல்லாரும் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். நான் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, ரெண்டு மாதம் பொறும். எல்லாம் சரியா வந்திடும். அதுக்குள்ளை அவசரப்பட்டு வள்ளத்திலை வலை கிலை ஏத்திப் போடாதையும். ஏழு வருசமாப் பழக்கின பறவையள்."

"ஓம் ரீச்சர்."

"சத்தியமா?"

"சத்தியம் ரீச்சர். நீங்கள் கவலைப்படாதையுங்கோ."

எனக்குக் கவலைப்பட என்ன இருந்தது? என் கணவர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் பென்சன் வந்தது. வளவில் முருங்கை நின்றது, கிணற்றில் தண்ணீர் இருந்தது, கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு செய்தி பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் போனுக்குள்ளேயே நடந்தது. காலையில் முந்திரிகைப் பந்தலுக்குக் கீழே கதிரை போட்டுக் குயிலையும் செம்பகத்தையும் பார்ப்பேன். திராட்சையைத்தான் நாங்கள் முந்திரிகை என்போம். அந்தப் பந்தலுக்குக் குருவி கொத்தாமல் இருக்க மேலே வலை போட்டிருந்தது. "ஊருக்குத்தான் உபதேசம்" என்று கணவர் அதைக் காட்டிச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்து அன்று பின்னேரம் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கவில்லை.

எங்களைப் போலப் பறவையையும் மிருகத்தையும் காட்டிப் பிழைத்தவர்கள் பற்றி ஒவ்வொரு செய்தியாக வந்தது. வெளிநாட்டுக்காரரை ஏற்றி வந்த வான்காரர் ஒருவர் இருக்கைகளைக் கழற்றிவிட்டு நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றினார். நெடுந்தீவில் காட்டுக் குதிரை காட்டித் திரிந்த ஒருவர் வீட்டுக்கு வீடு மரக்கறி விற்றார். கேட்கக் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாரும் ஏதோ ஒரு வழி கண்டுவிட்டார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தம்பியோடு கிழமைக்கு ஒருமுறை கதைப்பேன். எப்படி இருக்கிறீர் என்றால் "ஒரு குறையும் இல்லை ரீச்சர்" என்பார். ஒரு ஆசிரியை கேட்டால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும் என்பது முப்பது வருடத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊரடங்கு தளர்ந்த ஒருநாள் காலையில், முருங்கைக்காயும் கொஞ்சம் அரிசிமாவும் கட்டிக்கொண்டு சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போனேன். வழியில் பார்த்தால் கடலில் வள்ளங்கள் நின்றன. ஊரடங்குப் பாஸ் எடுத்து நாலைந்து கிழமையாகவே தொழிலுக்குப் போகிறார்கள் என்று கரையில் ஒருவர் சொன்னார். நல்லது என்று நினைத்துக்கொண்டு போனால், எங்கள் வள்ளம் மட்டும் பூவரச மரத்தின் கீழ் கவிழ்த்து, தென்னோலைக் கிடுகு போட்டு மூடிக் கிடந்தது.

தம்பி வீட்டில் இல்லை, எங்கேயோ விறகு கொத்தப் போயிருந்தார். மனைவி என்னை இருத்திவிட்டு உள்ளே போய் வெறுந்தேத்தண்ணி கொண்டு வந்தாள். பனங்கட்டி வைத்திருந்த ஓலைக் குட்டானின் அடியில் ஒட்டிக் கிடந்த துண்டைக் கத்தியால் சுரண்டி எடுத்து, ஒரு சிறிய தட்டில் வைத்து என்னிடம் நீட்டினாள். மூன்று பெண் பிள்ளைகள். கடைசிக்கு ஐந்து வயது இருக்கும். நான் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணியை உறிஞ்ச, அந்தச் சின்னவள் என் கையைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். மீண்டும் கையைப் பார்த்தாள்.

"ரீச்சர், பறவையள் எப்ப திரும்பி வரும்?" என்று கேட்டாள்.

"மாரிக்கு வரும் பிள்ளை. ஏன்?"

"அதுகள் வந்தால்தானே வெள்ளைக்காரர் வருவினம். அவை வந்தால் அப்பா பாண் வாங்குவார்."

தாய் அவளை அதட்டி உள்ளே அனுப்பினாள். மிச்சப் பனங்கட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அடுப்படியை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை, அன்று பார்த்தேன். ஒரு சட்டியில் அவித்த மரவள்ளிக்கிழங்கு இருந்தது. ஐந்து பேருக்கு அது போதாது.

"கடலிலை எல்லாரும் நிக்கினம். இவர் ஏன் பிள்ளை போகேல்லை?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "வலை ஏத்தமாட்டன் எண்டு ரீச்சருக்குச் சத்தியம் பண்ணிப் போட்டாராம். ஏழு கிழமை. கூலி வேலையும் நிண்டு போச்சு. வீட்டிலை ஒருநேரம்தான் உலை வைக்கிறனான். நான் உங்களைக் குறையாச் சொல்லேல்லை ரீச்சர்."

அவள் என்னைப் பேசியிருக்கலாம். வெளியே போ என்று கலைத்திருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை என்றாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் வாழ்க்கையில் அந்த நாளைப் போல நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. போனில் அரை நிமிடம் அதிகாரம் பண்ணிவிட்டு நான் முருங்கைக்காய்க் கறியோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பிள்ளைகள் என் சட்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தம்பி கோடரியோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார். மெலிந்துபோயிருந்தார். எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் எப்போதும் கோபம்தான் வரும்.

"உமக்கென்ன விசரே? நான் கிணத்துக்கை குதியும் எண்டால் குதிப்பீரோ?"

"கிணறு எண்டால் கொஞ்சம் யோசிப்பன் ரீச்சர்" என்று சிரித்தார்.

"சிரிக்காதையும். பிள்ளையள் பட்டினி கிடக்க எனக்கு என்ன சத்தியம் வேண்டிக் கிடக்கு? போன் எடுக்கேக்கை எல்லாம் ஒரு குறையும் இல்லை எண்டனீர்!"

"உங்களுக்குச் சொன்னால் நீங்கள் கவலைப்படுவியள்."

"நாளைக்கே வலையை ஏத்தும். நான் போட்ட சட்டம், நான்தான் எடுக்கிறன்."

"வலை எங்கை ரீச்சர் இருக்கு?" என்றார். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. என் பேச்சைக் கேட்டுத்தான் அதையும் கொடுத்திருந்தார்.

அவருடைய மனைவியின் தம்பிக்கு நானே போன் எடுத்துக் கதைத்தேன். அவர் நல்ல பிள்ளை. பழைய நண்டு வலையில் இரண்டு இருக்கிறது, கிழிசல், பரவாயில்லை என்றால் தருகிறேன் என்றார். என் கணவர் மோட்டார் சைக்கிளில் போய் ஏற்றி வந்தார். திரும்பும்போது அரிசியும் பருப்பும் சீனியும் வாங்கி, எனக்குச் சொல்லாமலே அந்த வீட்டில் இறக்கிவிட்டு வந்தார். அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் போய் இறக்கினார். "இஞ்சாரும், நீர் சட்டம் போட்ட அண்டைக்கே நான் சொன்னனான்" என்று மட்டும் ஒருதரம் சொன்னார். அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டேன். எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

இரண்டு நாள் அந்த முற்றத்தில் இருந்து தம்பியோடும் மனைவியோடும் வலையின் கிழிசல்களைப் பொத்தினேன். நைலோன் நூல் விரலை வெட்டியது. நான் பொத்திய இடங்களைத் தம்பி இழுத்துப் பார்த்துவிட்டு, "ரீச்சரின்ரை முடிச்சு நண்டுக்குத் திறந்த படலை" என்றார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கட்டிய எல்லா முடிச்சையும் அவள் அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். மூன்றாம் நாள் காலை வள்ளத்தை நிமிர்த்தித் தண்ணீரில் இறக்கினார்கள். வலையின் ஒரு தலைப்பை நான்தான் தூக்கி உள்ளே வைத்தேன்.

அன்று நண்டு பட்டது. அடுத்த நாளும் பட்டது. பிள்ளைகளின் ஒட்டிய கன்னம் திரும்பவும் நிரம்பியது. எனக்கு நிம்மதிதான். ஆனால் அந்த நிம்மதியோடு ஒரு வருத்தமும் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. மாரிக்குப் பறவைகள் வரும்போது இந்த வள்ளத்தைக் கண்டு கிளம்பிப் பறக்கும், எங்கள் தொழில் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பிள்ளைகள் சாப்பிடட்டும், தொழில் போனால் போகட்டும் என்று கர்த்தரிடம் சொன்னேன். தொழிலும் போகாமல் இருந்தால் நல்லது என்று கூடவே சொன்னேன்.

மாரி வந்தது. பூநாரைகளும் வந்தன. பார்க்க ஒரு வெளிநாட்டுக்காரரும் வரவில்லை. தம்பியிடம் கேட்டால், "கொஞ்சம் எட்ட விலத்தித்தான் நிக்குதுகள் ரீச்சர்" என்பார். கார்த்திகையில் கேட்டேன், மார்கழியில் கேட்டேன், அதே பதில்தான். தைப் பொங்கல் கழிந்து ஒருநாள் காலை எனக்குப் பொறுக்கவில்லை. வலை எடுக்கப் போகும்போது நானும் வருகிறேன் என்றேன். அவர் ஏதேதோ சாட்டுச் சொன்னார், வள்ளம் நாறும், நண்டு கடிக்கும், ரீச்சரின் சேலை பழுதாகும். நான் ஏறி இருந்துவிட்டேன்.

முன்பக்கத்தில் வலை குவிந்து கிடந்தது. காலடியில் நண்டுகள் ஊர்ந்தன. தம்பி கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார். கூட்டம் தெரிந்தது. வழக்கமாக முதல் கழுத்து நிமிரும் இடத்துக்கு வந்தோம். ஒரு கழுத்தும் நிமிரவில்லை. இன்னும் போனோம். காலால் சேற்றைக் கிண்டிக்கொண்டு அவை தங்கள் பாட்டில் இரை தேடின. சொண்டின் கறுப்பு நுனியும் மஞ்சள் கண்ணும் தொலைநோக்கி இல்லாமலே தெரிந்தன. ஏழு வருடத்தில் ஒருநாளும் நான் அவ்வளவு கிட்டப் போனதில்லை. தம்பி வலையைத் தூக்கித் தண்ணீர் சொட்டச் சொட்ட உதறினார். ஒன்று மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எங்கடை ஆள்தான் என்பது போலத் திரும்பவும் கவிழ்ந்தது.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் களவு பிடிபட்ட பிள்ளையைப் போல வேறு பக்கம் பார்த்தார்.

"விலத்தி நிக்குதுகள் எண்டனீர்?"

"உங்கடை மனம் நோகும் எண்டு சொல்லேல்லை."

"வலைக்கு அதுகள் பயப்பிடாது எண்டு எப்ப கண்டனீர்?"

அவர் வலையில் சிக்கிய நண்டு ஒன்றை ஆறுதலாக விடுவித்துக்கொண்டு சொன்னார். "எங்கடை அப்பு காலத்திலையே தெரியும் ரீச்சர். நாங்கள் நாளாந்தம் வலை போடுற கடல்தானே. ஆள் தெரிஞ்சால் அதுகள் எழும்பாது. அண்டைக்கு எழும்பினது அந்த அம்மாவின்ரை குடைக்கு."

அவரை என் பக்கம் திரும்பச் சொல்லிக் கேட்டேன். "தெரிஞ்சுகொண்டு ஏன் தம்பி ஏழு கிழமை பட்டினி கிடந்தனீர்? என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

அவர் நண்டைக் கூடைக்குள் போட்டார். கையைக் கழுவினார்.

"நீங்கள் சனத்துக்கு முன்னாலை என்னைக் கைகாட்டி, இந்த மனிசன் பறவைக்காக வலையை விட்டவர் எண்டு சொல்லுவியள். எனக்கு இங்கிலிசு விளங்காது, ஆனால் அந்தச் சனம் என்னைப் பாக்கிற பார்வை விளங்கும். எங்கடை பரம்பரையிலை ஒருத்தரையும் ஒருத்தரும் அப்பிடிப் பாத்ததில்லை ரீச்சர். பொய்யெண்டு தெரியும். எண்டாலும் அதை உண்மையாக்கிப் போட வேணும் எண்டு நினைச்சன்."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் விடவில்லை. "சத்தம் போடாதையுங்கோ ரீச்சர், பறவை எழும்பப் போகுது" என்றார். அதன் பிறகும் இரண்டு மூன்று தரம் முயன்றிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் ஏதாவது ஒரு பறவை அவருக்குக் கை கொடுத்துவிடும்.

கொரோனா போக, பெற்றோல் இல்லாத காலம் வந்தது. அது ஒருவாறு முடிந்த பிறகுதான் வான்கள் திரும்பவும் அராலிப் பக்கம் வரத் தொடங்கின. தம்பி இப்போது விடியலில் நண்டுக்கும், வெயில் ஏறப் பறவைக்கும் வள்ளம் விடுகிறார். வலை முன்பக்கத்தில் கிடக்கிறது. இணையத்தில் பழைய கதையை வாசித்துவிட்டு வருகிறவர்கள் அதைக் கண்டு புருவத்தை உயர்த்துகிறார்கள். வலை ஏற்றாத வள்ளம் என்றல்லவா எழுதியிருந்தது என்று கேட்கிறார்கள்.

நான் அவரைக் கைகாட்டி ஆங்கிலத்தில் சொல்கிறேன். பறவை வலைக்குப் பயப்படும் என்று முட்டாள்தனமாக நம்பியவள் நான் என்கிறேன். அது பிழை என்று தெரிந்தும் எனக்குத் தந்த வாக்குக்காக இவர் ஏழு கிழமை இந்த வள்ளத்தைக் கவிழ்த்து வைத்தார், இவருடைய மூன்று பிள்ளைகளும் பசியோடு படுத்தார்கள், அந்த நாட்களில் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்கிறேன். தமிழில் அவரிடம் சொல்ல விடாததை அவருக்கு முன்னாலேயே அவருக்கு விளங்காத மொழியில் ஒவ்வொரு தரமும் முழுதாகச் சொல்லி முடிக்கிறேன். கேட்கிறவர்கள் பேச்சை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்புகிறார்கள். சிலருக்குக் கண் கலங்கிவிடுகிறது.

"என்னைப் பற்றித்தானே ரீச்சர் சொல்லுறியள்?" என்று அவர் மெதுவாகக் கேட்பார்.

"ஓம் தம்பி, உம்மைப் பற்றித்தான்."

அவர் உடனே மேற்சட்டையை இழுத்துச் சரிசெய்து, கம்பை நெஞ்சோடு பிடித்து, அவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நிற்பார்.